யானைக்கு முடி முளைத்த தலகாணி

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. அக்கா குழந்தைக்குப் பெயர் போட்ட தலகாணி ஒன்று தைத்து வாங்கி வர வேண்டும்.

கேட்டால் சின்ன வேலை மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த வேலை ஏன் என் தலையில் விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு ஒரு பழக்கம். யார் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் குரல் என் தொண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். கெமிஸ்ட்ரி மிஸ், சிங்காநல்லூர் பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு சாந்தி அக்கா, எங்கள் வீட்டு மிக்ஸி, எல்லாமே வரும். மிக்ஸியில் எல்லா ஸ்பீடும் வரும்.

அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பெயர் இனியா. இனியாவின் அழுகை ஒரு 'ங்கா'வில் ஆரம்பித்து, நடுவில் மூச்சைப் பிடித்து, கடைசியில் ஒரு விக்கலில் முடியும். அவ்வளவு அழகான அழுகையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன சாமியாரா?

அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, ஒரே ஒரு தடவை அழுதேன்.

தலை முழுக்க சீயக்காயோடு, சேலையைச் சுற்றிக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். குழந்தை கட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கடைசி விக்கல் அப்போதுதான் பாதி வந்துகொண்டிருந்தது. கையும் விக்கலுமாக மாட்டினேன்.

"இனிமே என்ற புள்ளைய நீ தொடப்படாது."

"ஒரு தடவதானக்கா."

"ஒரு வேல. உன்ற வாழ்க்கையில ஒரே ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சு காட்டு. அப்பறம் தொடு."

அன்றிலிருந்து எனக்குத் தடை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைத் தூக்கினார்கள். சாந்தி அக்கா தூக்கினார். அப்பாவின் சினேகிதர், அதுவரை கோழிக்குஞ்சைக்கூடத் தூக்காதவர், தூக்கினார். சிலிண்டர் போட வந்த அண்ணன்கூட சிலிண்டரை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தூக்கினார். சொந்தச் சித்தி நான் மட்டும் வாசற்படிக்கு அந்தப் பக்கம். மிருகக்காட்சி சாலை மாதிரி தூரத்திலிருந்து பார்க்கலாம். கம்பிக்குப் பின்னால் இருப்பது மட்டும் நான்.

இப்படி இருக்கையில்தான் தொட்டில் போடும் விசேஷம் வந்தது. ஈரோட்டிலிருந்து அத்தை வருவதாகப் போன் வந்தது.

ஈரோட்டு அத்தை என்றால் இனியாவுக்கு அத்தை, மாமாவின் அக்கா. இனியாவோடு சேர்ந்து நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். ஈரோட்டில் பெட்ஷீட் மொத்த வியாபாரம். துணியை ரெண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே அது எந்த நூல், எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து நலம் விசாரிக்கும்போதே நம் துப்பட்டா நுனி அவர் விரலுக்குள் இருக்கும். நாம் சௌக்கியம் என்று சொல்லி முடிப்பதற்குள், "பாதி பாலியஸ்டரு" என்று முடித்துவிடுவார்.

அத்தை போனில் சொன்னது இதுதான். "ஏனுங், தொட்டில்ல மொதல்ல நான்தானுங் தலகாணிய வெப்பேன். நல்ல காட்டன்ல, புள்ள பேரு போட்டு, யானப் பொம்ம ஒண்ணு போட்டு, உள்ள கடுகு நெரப்பி வெச்சுப்போடுங்."

கடுகுத் தலகாணி வைத்தால் குழந்தையின் தலை உருண்டையாக வரும் என்பது ரெண்டு வீட்டுக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம். எனக்கு யாரும் வைக்கவில்லை. என் பின்மண்டையில் கேரம் ஆடலாம்.

அம்மாவுக்கு விசேஷ வேலை, அப்பாவுக்குப் பந்தல் வேலை. "நான் போறேன்" என்றேன்.

அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "அங்க போயி ஆரு மாதிரியும் பேசாத. உன்ற கொரல்ல பேசு."

"சத்தியமாக்கா."

இந்தச் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடை உக்கடத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. மெஷின் எம்ப்ராய்டரி. அந்த அண்ணன் பேசுவது ஊசியில் நூல் கோக்கிற மாதிரி இருக்கும். ஒரு வார்த்தையை எடுத்து, நுனியை நனைத்து, குறி பார்த்து, அப்புறம்தான் உள்ளே விடுவார்.

"பேரு... என்ன கலருங் அம்மணி?"

"ரோஸுங்க."

"யான?"

"ஊதாங்க."

"தும்பிக்கைய... மேல தூக்குனாப்லீங்களா, கீழ உட்டாப்லீங்களா?"

"தூக்குனாப்லீங்க."

நான் கொண்டுபோன கடுகை வாங்கி எடைபோட்டுப் பார்க்கிற மாதிரி கையில் தூக்கினார். தலையை ஆட்டினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் ஒரு வேலை கண்ணெதிரே முடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

"வாயி எப்பிடீங்?"

"யானைக்குங்களா?"

"தலகாணிக்குங். ஜிப்பு வெச்சறலாமுங்களா, நாடா வெச்சுக் கட்டறதுங்களா, இல்ல சுத்தியும் மூடித் தெச்சறலாமுங்களா?"

இது வினாத்தாளிலேயே இல்லாத கேள்வி. யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"எதோ ஒண்ணு வெய்ங்கண்ணா."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அப்பிடிச் சொல்லப்படாதுங் அம்மணி. கொழந்த சமாச்சாரம். ஊட்ல பெரியவங்க சொன்னாத்தான் செய்வனுங். அம்மா கொரல்ல ஒரு வார்த்த கேட்டுப்போட்டேன்னா, உடனே மெஷின ஓட்டிப்போடுவேன்."

அம்மா குரலில் ஒரு வார்த்தை. என்னைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது.

நிஜமாகவே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தால், "ஒரு ஜிப்பு சமாச்சாரம்கூடக் கேக்காமயா போயிருக்கற?" என்று ஆரம்பித்து, அது அக்கா காதுக்குப் போய், வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று தீர்ப்பு வந்திருக்கும். அதனால் கடை போர்டில் இருந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தேன். எதிரே ஓர் இளநீர் வண்டி. அதன் பின்னால் போய் நின்றால் கடைக்கு உள்ளே நன்றாகத் தெரிந்தது.

எங்கள் அம்மா போன் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு பெருமூச்சு. கிணற்றிலிருந்து வாளி ஏறி வருகிற மாதிரி அது அடியிலிருந்து வர வேண்டும். அப்புறம் 'ஏனுங்'. அப்புறம் சாப்பாட்டு விசாரிப்பு. விஷயம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

"ஹ்ஹ்ஹூம்ம்... ஏனுங், தலகாணி தெக்கற கடைங்களா? இப்ப வந்துதே ஒரு புள்ள, அதோட அம்மா பேசறனுங்."

உள்ளே அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கமுங்கம்மா. சொல்லுங். சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங். நீங்க?"

"இனிமேத்தானுங். பாப்பா இப்பத்தான் வெளிய போச்சுங். நல்ல புள்ளதானுங். ஆனா சித்த வெளாட்டுப் புத்தியாட்டத் தெரியுதுங்."

என்னைப் பற்றி என்னிடமே புகார். அம்மாவாக இருந்தால் இதற்கு என்ன சொல்வாள் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"அத ஏனுங் கேக்கறீங். அதப் பெத்ததுக்கு ஒரு ஆட்டுக்குட்டிய வளத்தியிருந்தா, இந்நேரம் ஊட்டுக்குப் பிரயோசனமா இருந்திருக்குமுங். காலைல எந்திரிக்கறதில்ல, தின்ன தட்டக் கழுவறதில்ல, புஸ்தகத்தத் தொறந்து வெச்சுப்போட்டு போனப் பாக்குதுங்..."

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா குரல் தொண்டைக்குள் வந்துவிட்டால் என் மேல் அம்மாவுக்கு இருக்கிற கோபமும் கூடவே வந்துவிடுகிறது. நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் என்னை நானே திட்டிக்கொண்டேன். சிலது எனக்கே வலித்தது. இளநீர்க்காரர் வெட்டப்போன காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெசனப்படாதீங்கம்மா" என்று அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னார். "வயசு அப்பிடீங். தலகாணிக்கு ஜிப்பு வெச்சறலாமுங்களா?"

"ஜிப்பெல்லாம் வேண்டாமுங். கொழந்த வாயில போட்டுக்குமுங். நாடாவும் வேண்டாம். சுத்தியும் மூடி, ரெட்டத் தையலாப் போட்டுப்போடுங். ஒரு கடுகு வெளிய எட்டிப் பாக்கப்படாது."

எவ்வளவு பொறுப்பான பதில். அம்மாவே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போனிலும் அடித்தது, அவர் கடை வாசலிலும் அடித்தது.

"ஏனுங்கம்மா, நீங்களும் உக்கடத்துலதான் இருக்கீங்களா?"

"டிவிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் தலகாணி கைக்கு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளைக் காட்டன். ஊதா யானை, தூக்கின தும்பிக்கை. அதன் கீழே ரோஸ் நூலில் 'இனியா'. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கற கண்ணு."

கண்ணு. பப்ளிக் பரீட்சை மார்க் வந்ததிலிருந்து நான் கேட்காத வார்த்தை.

"ஜிப்பு எங்க?"

"அடியில மறச்சு வெச்சிருக்காங்கம்மா. இப்பெல்லாம் அப்பிடித்தான்."

அக்கா யானையின் தும்பிக்கையை விரலால் தடவிப் பார்த்தாள். முகத்தில் பெரிதாக எதையும் காட்டாமல் சொன்னாள். "பரவால்லயே புள்ள. விசேஷத்தன்னிக்குத் தொட்டிலுக்கு இவள நீயே தூக்கிட்டு வா."

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டார்களா?

"புதுத் துணி. கஞ்சி இருக்கும்" என்றாள் அம்மா. "ஈரோட்டுக்காரங்க வெரல வெச்சதும் கண்டுபுடிச்சுப்போடுவாங்க. ஒறையக் கழட்டி ஒரு தண்ணி அலசிக் காயப்போட்டுரு."

உறையைக் கழற்று என்றால் எங்கே கழற்றுவது? நாலு பக்கமும் ரெட்டைத் தையல். அம்மாவே சொல்லிப் போட்ட தையல். தையலைப் பிரிக்கலாம். பிரித்தால் திரும்பத் தைக்க வேண்டும். நான் கடைசியாகத் தைத்தது ஒரு சட்டைப் பொத்தான். அதோடு சேர்த்துச் சட்டைக் கையையும் மூடித் தைத்துவிட்டேன்.

யோசித்தேன். அரிசியைக் கழுவுகிறோம். பருப்பைக் கழுவுகிறோம். கடுகு மட்டும் என்ன பாவம் செய்தது? தலகாணியை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கினேன்.

தூக்கும்போதுதான் தெரிந்தது. உள்ளே போனது தலகாணி, வெளியே வந்தது ஆட்டுக்கல். பிழிய முடியவில்லை. அமுக்கினால் இந்தப் பக்கத்துக் கடுகு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. வெளியே எங்கள் கோயமுத்தூர்ச் சாரல், நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. வெயில் என்கிற சமாச்சாரம் அந்த வாரம் முழுக்க ஊரிலேயே இல்லை.

சரி, இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்று ரூமைச் சாத்திக்கொண்டு அயர்ன் பாக்ஸை நல்ல சூட்டில் வைத்து அழுத்தினேன்.

ஆவி வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

படபடவென்று சத்தம் வந்தது. யானையின் வயிற்றுக்குள் கடுகு பொரிகிறது. வாசனை ரூமைத் தாண்டி, ஹாலைத் தாண்டிப் போய்விட்டது.

"ஆரு தாளிக்கறது?" என்று அம்மா குரல்.

என்ன செய்வது? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மூக்கை லேசாகச் சுருக்கி, சாந்தி அக்கா குரலில் சொன்னேன். "நாந்தானுங்க்கா. ரசத்துக்கு."

தப்பித்தோம் என்று உட்கார்ந்தேன். அம்மா ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவருக்குப் போய்விட்டாள்.

"சாந்தி, ரசம் ஒரு தம்ளர் குடு சாமி. பெத்தவளுக்கு ஆகும்."

"நான் ரசமே வெக்கலீங்களேக்கா. இன்னைக்குப் புளிக்கொழம்புங்."

"இப்பத்தான் சொன்ன?"

"நானுங்களா?"

பிள்ளை பெற்றவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று சாந்தி அக்காவுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லையாம். மறுநாள் ஒரு சட்டி ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த இஸ்திரியால் நடந்த ஒரே நல்லது அதுதான். யானைக்கு ஒரு காது மட்டும் லேசாகப் பழுத்திருந்தது.

இனிச் சூடு வைத்தால் பூரா யானையும் தாளிப்பாகிவிடும் என்று, தலகாணியை ஒரு குளியல் துண்டில் இறுக்கிச் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் செருகி வைத்தேன். அங்கே எப்போதும் இதமாக இருக்கும். துணி காய அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது என்பது என் கணக்கு.

ஈரம். இருட்டு. இதமான சூடு. நான் ப்ளஸ் டூ பயாலஜி குரூப்.

அப்பப்போ போய்த் தொட்டுப் பார்த்தேன். துண்டுக்கு மேலேதான் தொட்டேன். துண்டு காய்ந்துவிட்டது. ஒருநாள் தலகாணி கொஞ்சம் உப்பியிருக்கிற மாதிரிகூட இருந்தது. நல்லா மெதுமெதுன்னு ஆயிருக்குது என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தல் போட்டாகிவிட்டது. தொட்டிலுக்குப் பூச் சுற்றியாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்று, அத்தை இறங்கி, பந்தல் துணியை ரெண்டு விரலில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். நான் புதுப் பாவாடை தாவணியில், குழந்தையை எப்படித் தூக்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டேன்.

துண்டைப் பிரித்தேன்.

யானைக்கு முடி முளைத்திருந்தது.

ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு முளை. வெள்ளைத் தண்டு, நுனியில் குட்டியாக ரெண்டு மஞ்சள் இலை. யானைக்குத் தலை நிறைய கிராப்பு. வாலில் குஞ்சம். தும்பிக்கை நுனியில் ஒரு கொத்து, பூச்செண்டு நீட்டுகிற மாதிரி. கீழே 'இனியா' என்கிற எழுத்து மூன்றுக்கும் மீசை.

நேராக அக்காவிடம் ஓடினேன். சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தலகாணி மொளச்சுப்போச்சு."

நிமிரக்கூட இல்லை. "சரி, தண்ணி ஊத்து."

"நெஜமாத்தானக்கா."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். ஒரமும் போடு."

அம்மாவிடம் போனேன். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத கண்ணு. போயி பூவக் கொண்டா."

அப்பாவிடம் போனேன். "என்ன வெரைட்டி?" என்று கேட்டுவிட்டு இலை எண்ணப் போய்விட்டார்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக என் சொந்தக் குரலில் சுத்தமான உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை.

கடைசி நம்பிக்கை எம்ப்ராய்டரி அண்ணன். தலகாணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அடுக்களை மூலையில் நின்று போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கர் வேறு ஆனாகிவிட்டது.

"அண்ணா, வேற ஒரு தலகாணி ரெடியா இருக்குதுங்களா? அவசரமுங்க."

"கடையில சாம்பிளுக்கு ஒண்ணு வெச்சிருக்கறனுங் அம்மணி. பேரு இருக்காதுங். ஆனா கொழந்த சமாச்சாரம். அம்மா ஒரு வார்த்த சொல்லிப்போட்டா..."

இந்தத் தடவை அம்மா எனக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங், நான் இவ அம்மாதான் பேசறேன். என்ன சமாச்சாரம்?"

அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "அம்மணி, வெளாடாதீங்."

"என்னங்?"

"அந்தம்மா கொரலு எனக்குத் தெரியுமுங். பேசறதுக்கு முன்னால ஒரு பெருமூச்சு உடுவாங். நீங்க உடவே இல்லீங்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் எப்பங் உங்ககிட்டப் பேசினேன்?"

"நீங்க பேசலீங். அந்தம்மா பேசினாங். ஜிப்பு வேண்டாம், சுத்தியும் ரெட்டத் தையல் போடுங்கன்னு. அந்தப் புள்ளையப் பெத்ததுக்கு ஒரு ஆட்டுக்குட்டிய வளத்தியிருக்கலாம்னு சொல்லி ரொம்ப வெசனப்பட்டாங். மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்."

அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் கிணற்றின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஆங், இப்பத்தானுங் சரியா வந்துச்சு" என்றார் அவர். "வணக்கமுங்கம்மா. சாப்ட்டீங்களா?"

இதற்கு அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தலகாணி எங்கீங்?"

ஈரோட்டு அத்தை. கேட்டவர் கையை நீட்டவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக உருவிக்கொண்டு ஹாலுக்கு நடந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். ஹாலில் ரெண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் கண்ணும் யானை மேல். யானை பார்த்தவர்களுக்கெல்லாம் பூச்செண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

அத்தை துணியை ரெண்டு விரலில் வைத்துத் தேய்த்தார். திருப்பித் தேய்த்தார். ஒரு முளையை லேசாக இழுத்துப் பார்த்தார்.

"சுத்தமான காட்டனுங்" என்றார். "பாலியஸ்டர் கலந்திருந்தா இப்பிடி மூச்சு உட்டு வந்திருக்காது." இன்னொரு தடவை தேய்த்தார். "கஞ்சியும் போயிருச்சு."

ஈரோட்டுக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "ஏனுங், உங்க பக்கமெல்லாம் மொளப்பாரி தலகாணியிலதான் போடுவீங்களாட்ட?"

அப்பா தலகாணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆமாங். சிங்காநல்லூருப் பக்கம் மட்டுமுங்."

எனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நவதானியம் முளைக்கவிட்டு வைப்பது எல்லார் வீட்டு விசேஷத்திலும் உண்டு. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தை யானை நெற்றியில் ஒரு குங்குமம் வைத்து, விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தொட்டிலில் தலைக்கு ஒரு பழைய நூல் சேலையை மடித்துப் போட்டார். அதையும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான்.

அப்போதுதான் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரூமிலிருந்து வந்தாள். விளக்கைப் பார்த்தாள். யானையைப் பார்த்தாள். யானையின் கிராப்பைப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேனக்கா" என்றேன்.

என்னை ஒரு கையால் அடித்து அக்காவுக்குப் பழக்கமில்லை. ஒரு கையால் ஜடையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் முதுகில் வைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் இருக்கிற முறை அதுதான். இப்போது அவளிடம் இருப்பது ஒரே ஒரு கை. குழந்தையை யாரிடமாவது கொடுத்தால்தான் காரியம் ஆகும். அம்மா இன்னும் போனில். அத்தை விளக்குப் பக்கம். அப்பா ஈரோட்டுக்காரருக்கு இல்லாத சம்பிரதாயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் அக்காவுக்கு ஆள் தெரியவில்லை. பக்கத்தில் யார் நின்றார்களோ அவர்களிடம் நீட்டிவிட்டாள்.

"இந்தா, இவள சித்த புடி."

பிடித்துக்கொண்டேன்.

அக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய இடத்திலேயே கை நின்றது. அப்போதுதான் யாரிடம் கொடுத்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

இனியா சூடாக இருந்தாள். ஊறின தலகாணியைவிடக் கனம் ரொம்பக் கம்மி. என் முகத்தைப் பார்த்து, ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாள். அப்புறம் ஆரம்பித்தாள். ஒரு 'ங்கா'. நடுவில் மூச்சைப் பிடித்தாள். கடைசியில் ஒரு விக்கல்.

ஹாலில் இருந்த எங்கள் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னை முறைத்தார்கள்.

"நானில்லீங்க" என்றேன். "இது ஒரிஜினல்."

முதலில் சிரித்தது அக்காதான். சிரித்துவிட்டதால் அவளால் அப்புறம் ஒழுங்காக முறைக்கவும் முடியவில்லை. "தொட்டில் வரைக்கும்தான்" என்றாள். தொட்டில் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அத்தை வாங்கித் தொட்டிலில் போட்டார். எல்லாரும் ஆட்டி முடித்ததும் நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பந்தி முடிந்து, வேன் கிளம்பி, பந்தல் பிரிக்கிறவரைக்கும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மா, இந்த வயசில் குழந்தைக்கு எந்தத் தலகாணியும் வைக்கவே கூடாது, தலை தானாகவே உருண்டையாக வரும் என்று சொல்லிவிட்டார். யானை இப்போது மொட்டை மாடியில் ஒரு பழைய பேசினில் இருக்கிறது. ஒரு தடவை கீரை கிள்ளி சாந்தி அக்காவுக்குக் கொடுத்தோம், ரசத்துக்குப் பதில். ஈரோட்டிலிருந்து யாரோ வீட்டுக்குப் போன் போட்டு, எங்க ஊட்லயும் தொட்டில் போடறோம், அந்த மொளப்பாரித் தலகாணிக்குக் கடுக எப்பிடி ஊற வெக்கறதுங் என்று கேட்டார்கள். அம்மா வீட்டில் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நானே விளக்கமாகச் சொல்லிவிட்டேன்.

மற்றபடி அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். குழந்தையைக் கீழே இறக்குவதற்கு முன்னால், அக்கா எந்த ரூமில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.